ஓநாய்க்குட்டி நீக்கப்பட்டது ஏன்? டார்வினின் ஐந்தாம் பதிப்பும் லோரன் ஐஸ்லியின் வாசிப்பும்

லோரன் ஐஸ்லியின் ‘டார்வினின் நூற்றாண்டு’ 1958இல் வெளிவந்தது. பரிணாமக் கொள்கையின் வரலாற்றை எழுதியவர்களில் அவரளவுக்கு உரைநடை கைவந்தவர்கள் குறைவு. அதனாலேயே அந்நூலின் ஒரு பிழையான வாசிப்புக்கும் ஆயுள் கெட்டியாக அமைந்துவிட்டது. 1867 ஜூனில் ‘நார்த் பிரிட்டிஷ் ரிவ்யூ’ இதழில், பெயர் குறிப்பிடாமல், ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் எழுதிய மதிப்புரை டார்வினை நிலைகுலைய வைத்தது; பிற்பாடு கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் புவியின் வயதைக் குறைத்துக் கணக்கிட்டது மறுபக்கம் நெருக்கியது; இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட டார்வின், இயற்கைத் தேர்வின் மீதிருந்த பிடியைத் தளர்த்தி, பயன்பாட்டாலும் பயன்படாமையாலும் உறுப்புகள் மாறி அம்மாற்றம் சந்ததிக்கும் இறங்குகிறது என்ற லாமார்க்கியக் கருத்திடம் அடைக்கலம் புகுந்தார். இதுதான் ஐஸ்லி வரையும் சித்திரம். பாடநூல்களிலும் பொது அறிவியல் நூல்களிலும் இன்றுவரை நாம் படிப்பது பெரும்பாலும் இதன் நகல்தான்.

ஜென்கினின் மதிப்புரை டார்வினைத் தைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. டார்வினே அதை ஒப்புக்கொள்கிறார். தைத்த இடம் எது என்பதில்தான் ஐஸ்லியோடு முரண்படுகிறேன். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில், நான்காம் அத்தியாயத்தில், ஓநாய்களைப் பற்றிய ஒரு பத்தி வெட்டப்பட்டு வேறொன்று அங்கே வைக்கப்பட்டது. அந்த வெட்டை நிதானமாகப் பார்த்தால், ஜென்கினுக்கு டார்வின் தந்த விடை லாமார்க்கின் பக்கம் போகவில்லை என்பதும், தேர்வு எதன் மீது செயல்படுகிறது என்ற கேள்வியின் பக்கம் போனது என்பதும் தெரியவரும்.

முதலில் ஜென்கின் சொன்னது. அவர் தாம்சனோடு சேர்ந்து தந்திக் கம்பித் தொழிலில் காப்புரிமைகள் வைத்திருந்தவர். 1868இல் எடின்பரோவில் பொறியியல் பேராசிரியரானார். உயிரியலில் அவருக்குப் பயிற்சி கிடையாது, கணக்கில் உண்டு. மாறுபாடுகளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஓர் இனத்தின் எல்லா உயிர்களிடமும் காணப்படும் சிறு வேறுபாடுகள் ஒரு வகை. இவற்றைத் தேர்வு திரட்டலாம், ஆனால் ஓர் எல்லைக்குள்தான் என்றார். எப்போதாவது ஒரே ஓர் உயிரிடம் திடீரெனத் தலைகாட்டும் பெரும் மாறுபாடு மற்றொரு வகை. கலப்பில் கரைந்துபோகும் என்ற புகழ்பெற்ற வாதம் இந்த இரண்டாம் வகையை மட்டுமே குறிவைத்தது. ஓர் இணை தன் வாழ்நாளில் இருநூறு குட்டிகளை ஈன்று, அவற்றில் இரண்டே பிழைத்து இனம் பெருக்குவதாகக் கொள்வோம். பிழைக்கும் வாய்ப்பு நூறில் ஒன்று. ஒரு குட்டிக்கு மட்டும் இந்த வாய்ப்பு இரட்டிப்பானாலும் நூறில் இரண்டுதான். அது அழியவே சாத்தியம் மிகுதி. தப்பிப் பிழைத்தாலும் சாதாரண இணையோடுதான் கூடவேண்டும். பெற்றோரின் குணங்கள் கலந்து நடுத்தரமாகும் என்று அக்காலத்தில் நம்பியபடி, அதன் சிறப்பு பிள்ளைகளில் பாதியாகவும் பேரப்பிள்ளைகளில் காலாகவும் தேய்ந்துவிடும்.

இதை விளக்க ஜென்கின் எடுத்துக்கொண்ட உதாரணம், கறுப்பர்கள் வாழும் தீவில் கப்பல் உடைந்து கரையேறும் ஒரு வெள்ளையர். அவர் எவ்வளவு ‘மேம்பட்டவர்’ ஆனாலும் அத்தீவு மக்கள் வெள்ளையர் ஆகிவிடமாட்டார்கள் என்பது வாதம். பேரரசுத் திமிர் நெடியடிக்கும் பக்கம் அது. டார்வின் தம் நூலில் ஜென்கினின் கணக்கை எடுத்துக்கொண்டார், இந்தத் தீவை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் இடத்தில் வளைந்த அலகுள்ள ஒரு பறவையை வைத்தார். வெறும் நாகரிகம் கருதிச் செய்த மாற்றமாக இது எனக்குத் தோன்றவில்லை. காரணத்தைக் கீழே காண்போம்.

ஐஸ்லியின் வாசிப்பில் முதல் ஓட்டை காலவரிசை. பயன்பாடு, பயன்படாமை பற்றிய பகுதி 1859 நவம்பர் 24இல் வெளியான முதல் பதிப்பிலேயே, மாறுபாட்டின் விதிகளைப் பேசும் ஐந்தாம் அத்தியாயத்தில் தனித் தலைப்போடு இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே வீட்டு வாத்து வருகிறது: காட்டு வாத்தோடு ஒப்பிட, முழு எலும்புக்கூட்டின் எடை விகிதத்தில் அதன் சிறகெலும்பு இலேசு, காலெலும்பு கனம், குறைவாகப் பறப்பதும் கூடுதலாக நடப்பதுமே காரணம் என்கிறார் டார்வின். ஜென்கின் பேனா எடுப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே இந்த வாத்து நடந்துகொண்டிருக்கிறது. ஈட்டிய பண்புகள் சந்ததிக்கு இறங்குவதற்கு ஓர் இயங்குமுறை தேடி டார்வின் வகுத்த ‘பான்ஜெனிசிஸ்’ கருதுகோளின் கையெழுத்துப் பிரதி 1865 மே மாதமே அவருடைய நண்பரான உயிரியலாளர் ஹக்ஸ்லியின் கைக்குப் போய்விட்டது. அது அச்சேறியது 1868 ஜனவரியில், ‘வளர்ப்பினால் விலங்குகளிலும் தாவரங்களிலும் ஏற்படும் மாறுபாடு’ என்ற நூலில். அச்சான ஆண்டை மட்டும் பார்ப்பவருக்கு ஜென்கின் முன்னே, பான்ஜெனிசிஸ் பின்னே என்று தோன்றும். எழுதப்பட்ட ஆண்டைப் பார்த்தால் வரிசை தலைகீழ்.

கலப்பில் கரைதல் என்ற சிக்கலும் டார்வினுக்குப் புதிதன்று. 1842இல் பென்சிலால் எழுதிய குறிப்பிலும், 1844 கட்டுரையிலும், தடையற்ற கலப்பு சிறு மாறுபாடுகளை ஓயாமல் அழித்துக்கொண்டிருக்கும் என்று அவர் கருதியது தெரிகிறது. 1857இல் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில், இனப்பெருக்கம் உண்மையான உருக்கலப்பாக இல்லாமல் தனித்தனியான இரண்டின் சேர்க்கையாக இருக்கலாமோ என்றுகூட யோசித்துப் பார்க்கிறார். இவற்றையெல்லாம் மரபியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1930லேயே தம் நூலின் முதல் அத்தியாயத்தில் எடுத்துக்காட்டிவிட்டார். கலப்பு மரபில் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுபாட்டின் அளவு பாதியாகக் குறையும், ஆகவே அதை ஈடுகட்டப் புதிய மாறுபாட்டுக்கு ஓயாத ஊற்று ஒன்று டார்வினுக்குத் தேவைப்பட்டது என்று கணித வழியில் விளக்கியவரும் அவர்தான். அந்தத் தேவை 1840களிலிருந்தே இருந்தது. ஐஸ்லி இதை 1867இன் அதிர்ச்சியாக மாற்றிக் கதைக்கு ஒரு திருப்புமுனை உண்டாக்கிவிட்டார்.

ஐஸ்லிக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்லியாக வேண்டும். மோர்ஸ் பெக்கம் தொகுத்த பாடபேதப் பதிப்பு 1959இல்தான் வந்தது. டார்வின் வாழ்நாளில் வந்த ஆறு பதிப்புகளையும் வாக்கியம் வாக்கியமாக எண்ணிட்டு, எந்தப் பதிப்பில் எது கூடியது, எது குறைந்தது, எது திருத்தப்பட்டது என்று அது காட்டுகிறது. முதல் பதிப்பு வாக்கியங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பின்னர் கை வைக்கப்பட்டவை. இந்தக் கருவி ஐஸ்லி எழுதியபோது இல்லை. அதை வெளியிட்டது அவர் பணியாற்றிய அதே பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் என்பது வேடிக்கையான விஷயம். பீட்டர் வோர்சிமர் 1963இல் ‘ஐசிஸ்’ இதழிலும், பின்னர் பீட்டர் பௌலரும் இந்தப் பாடபேதங்களின் துணையோடு ஐஸ்லியைத் திருத்த முற்பட்டார்கள். அவர்கள் கடந்துபோன சில வரிகளில்தான் நான் சற்று நேரம் தங்கப் பார்க்கிறேன்.

இனி ஓநாய். முதல் பதிப்பின் 90, 91ஆம் பக்கங்களில் டார்வின் இயற்கைத் தேர்வுக்கு ஒரு கற்பனை உதாரணம் தருகிறார். இரை அருகிய பருவத்தில், மான் போன்ற வேகமான விலங்குகளே கிடைக்கும் நிலையில், விரைவும் மெலிந்த உடலும் உள்ள ஓநாய்கள் பிழைக்கும். இங்கே பேச்சு பன்மையில். அடுத்த பத்தியில் அது ஒருமைக்கு மாறுகிறது. இரைவிலங்குகளின் விகிதம் மாறாவிட்டாலும், குறிப்பிட்ட இரையைத் துரத்தும் பிறவி நாட்டத்தோடு ஒரு குட்டி பிறக்கலாம். பூனைகளில் ஒன்று எலியையும் ஒன்று சுண்டெலியையும் பிடிப்பதில்லையா? அந்தத் தனி ஓநாய்க்கு அதன் சிறு மாற்றம் நன்மை தந்தால் அது பிழைக்கும், அதன் குட்டிகளில் சிலவற்றுக்கு அது இறங்கும், இது திரும்பத் திரும்ப நடந்தால் புதிய வகை உருவாகும். பிறகு அமெரிக்காவின் கேட்ஸ்கில் மலைகளில் உள்ள இருவகை ஓநாய்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்.

ஐந்தாம் பதிப்பில் மெலிந்த ஓநாய்கள் இருக்கின்றன. கேட்ஸ்கில் ஓநாய்களும் இருக்கின்றன. தனியாகப் பிறந்த அந்தக் குட்டியைக் காணோம். அதன் பூனைகளை ஆறாம் பதிப்பில் உள்ளுணர்வு பற்றிய அத்தியாயத்தில் சந்திக்கிறோம். அவற்றை வீசிவிட மனமில்லாமல் வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறார் டார்வின். குட்டி நின்ற இடத்தில் ஒரு வாக்குமூலம் வந்து அமர்கிறது. மேலே தாம் பேசியது மெலிந்த ஓநாய்கள் பலவற்றைப் பற்றியே, எடுப்பான தனி மாறுபாடு ஒன்று காக்கப்பட்டதைப் பற்றியன்று. முந்தைய பதிப்புகளில் சில இடங்களில் பின்னது அடிக்கடி நிகழ்வதுபோல் பேசிவிட்டேன். ‘நார்த் பிரிட்டிஷ் ரிவ்யூ’வின் திறமையான கட்டுரையைப் படிக்கும்வரை, தனி மாறுபாடுகள் நிலைப்பது எவ்வளவு அரிது என்பதை நான் உணரவில்லை என்கிறார். அதன்பின் இருநூறு குட்டிகளின் கணக்கு. அதன்பின் பறவை: அலகு நன்றாக வளைந்த ஒரே ஒரு பறவை பிறந்து செழித்தாலும், மற்றவற்றை ஒழித்துத் தன் வகையை நிலைநிறுத்த அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஏறக்குறைய வளைந்த அலகுள்ள பல பறவைகள் பல தலைமுறைகளாகக் காக்கப்பட்டு, நேரான அலகுள்ளவை அதைவிடப் பெருந்தொகையாக அழிந்துவந்தால் அதே விளைவு கிட்டும்.

ஜென்கினின் தீவில் ஒருவர் கரையேறுகிறார். டார்வினின் பறவைக் கூட்டத்தில் ஏற்கெனவே எல்லா அளவு வளைவுகளும் உள்ளன. உதாரணத்தை மாற்றியதன் மூலமே கேள்வியின் வடிவத்தை மாற்றுகிறார். தனி மாறுபாடு கரையும் என்பதை ஜென்கினுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தேர்வுக்கு அது தேவையே இல்லை என்ற நிலையை எடுக்கிறார். இந்த வாதத்தில் லாமார்க்குக்கு வேலையே இல்லை. பயன்பாடு என்ற சொல்லும் இங்கு எட்டிப் பார்க்கவில்லை. தேர்வு பலவீனமானது என்பதால் வேறு துணை தேடும் எழுத்து இதுவாக எனக்குப் படவில்லை.

கடிதங்களும் இதைத்தான் சொல்கின்றன. 1869 ஜனவரி 16இல் தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதும்போது, ஜென்கின் தமக்கு மிகுந்த தொல்லை கொடுத்தாலும் வேறு எந்தக் கட்டுரையையும்விடக் கூடுதலாகப் பயன்பட்டார் என்கிறார். ஆறு நாள் கழித்து, இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டடைந்த வாலஸுக்கு: தனி மாறுபாடுகளைவிட உயிருக்கு உயிர் உள்ள சிறு வேறுபாடுகளே முக்கியம் என்று எப்போதும் நினைத்துவந்தேன், இப்போது அவையே தலையாயவை என்ற முடிவுக்கு வந்தேன், ஜென்கினின் வாதங்கள் என்னை ஏற்கவைத்தன. வாலஸ் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். பிப்ரவரி 2இல் டார்வின் மறுபடி எழுதி விளக்க வேண்டியிருந்தது. வாலஸே தடுமாறிய இடத்தில் பின்னால் வந்தவர்கள் தடுமாறியதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கடிதங்களில் தோல்வியின் குரல் எங்கே இருக்கிறது? தாம் அரைகுறையாக நம்பிய ஒன்றை எதிராளி கூர்தீட்டிக் கொடுத்துவிட்டார் என்ற நிம்மதிதான் எனக்குக் கேட்கிறது.

இப்போது என் வாதத்துக்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். அதே ஐந்தாம் பதிப்பில், பறவையின் அலகுக்கு அடுத்தபடியாக, ஒரே வகை உடலமைப்பின் மீது ஒரே வகைச் சூழல் செயல்படும்போது ஒரே மாறுபாடு பலரிடம் திரும்பத் திரும்பத் தோன்றலாம் என்கிறார் டார்வின். சூழல் வலுவாகவும் திட்டவட்டமாகவும் செயல்பட்டு, தேர்வின் துணையின்றியே எல்லா உயிர்களையும் மாற்றிவிடவும் கூடும் என்றும், இல்லையேல் மூன்றிலோ பத்திலோ ஒரு பங்கை மட்டும் பாதிக்கலாம் என்றும் சேர்க்கிறார். இதற்குச் சான்று ஃபேரோ தீவுகளின் கில்லிமாட் கடற்பறவைகள். கார்ல் ஜூலியன் கிராபா 1828இல் அங்கு பயணம் செய்து எழுதிய குறிப்பின்படி, ஒன்றாகவே கூடி இனம்பெருக்கும் அப்பறவைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபட்ட தோற்றம் கொண்டது: கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், அதிலிருந்து பின்னோக்கி ஒரு வெள்ளைக் கோடு. இது முன்னர் ‘யூரியா லாக்ரிமன்ஸ்’ என்ற தனி இனமாகவே கருதப்பட்டது.

தேர்வின் துணையின்றி என்ற சொற்களைப் பார்த்ததும் ஐஸ்லி தரப்பினர் இதோ லாமார்க் என்பார்கள். மூன்று காரணங்களால் நான் மறுக்கிறேன், அவற்றில் மூன்றாவது மெலிந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஒன்று: சூழல் உடலை நேரடியாக மாற்றுவது என்பது லாமார்க்கின் கொள்கையே அல்ல. சூழல் தேவைகளை மாற்றும், தேவைகள் பழக்கங்களை மாற்றும், பழக்கங்கள் உறுப்புகளை மாற்றும் என்பதே 1809இல் வந்த ‘விலங்கியல் தத்துவம்’ நூலின் வரிசை. விலங்குகளில் சூழலின் நேரடி விளைவை லாமார்க் வெளிப்படையாகவே மறுத்தார். ஐஸ்லி இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். இரண்டு: கில்லிமாட் உதாரணம் அடுத்த வாக்கியத்திலேயே தேர்வுக்குத் திரும்புகிறது. அந்த மாறுபாடு நன்மை தருவதாயின் பழைய வடிவத்தை அது விரைவில் வெளியேற்றிவிடும் என்று முடிகிறது. ஐந்தில் ஒரு பங்கு என்ற எண்ணின் வேலையே அதுதான்: நூறில் இரண்டு என்ற ஜென்கினின் எண்ணுக்குப் பதில் எண். மூன்று: 1872இல் வந்த ஆறாம் பதிப்பில் இந்த வாக்கியம் திருத்தப்படுகிறது. சூழலின் ஆற்றல் பின்னுக்குப் போய், ஒரே விதமாக மாறும் போக்கு என்பது முன்னுக்கு வருகிறது. டார்வின் சூழலை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தார் என்றால் திருத்தம் எதிர்த்திசையில் அல்லவா போயிருக்க வேண்டும்? ஒற்றை வாக்கியத் திருத்தத்தின் மீது இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பவருக்கு, மற்ற இரண்டு காரணங்களே போதும் என்பேன். ஆனாலும் திருத்தத்தின் திசை திசைதான்.

கில்லிமாட் பற்றி ஓர் இடைக்குறிப்பு. கண்வளைய வடிவம் ஒரே மரபணுவின் ஒடுங்கு வடிவத்தால் வருவதாக இன்று கொள்ளப்படுகிறது. வடக்கே போகப் போக அதன் விகிதம் கூடுகிறது. கலப்பில் கரையாத மரபுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைப்பது அரிது. வளையம் உள்ள பறவையும் இல்லாத பறவையும் கூடினால் பாதி வளையத்தோடு குஞ்சு பிறப்பதில்லை. கலப்பில் கரையாத இந்த மரபை விளக்கும் மெண்டலின் கட்டுரை 1866இல் புருன் நகரில் அச்சாகியிருந்தது. டார்வின் அதைப் படித்திருந்தால் என்ற பெருமூச்சு இந்தக் கதையை எழுதுபவர்களுக்கு வாடிக்கை. அதில் எனக்கு அக்கறை இல்லை. ஜென்கினுக்கு விடை சொல்லும் சாட்சியாக டார்வின் அழைத்த பறவையே அந்த விடையை உடலில் சுமந்திருந்தது என்பது மட்டும் குறிக்கத் தக்கது.

ஜென்கினின் கணக்கிலும் குறை இருந்தது. 1871 டிசம்பர் 28ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் ஏ. எஸ். டேவிஸ் அதைச் சுட்டினார்: ஒவ்வொரு தலைமுறையிலும் சிறப்பு பாதியாகத் தேய்ந்தாலும், அதைத் தாங்கும் சந்ததிகளின் எண்ணிக்கையும் பெருகுகிறது, மொத்தத்தில் அது மறைந்துபோவதில்லை, பரவி நிற்கிறது. இதை ஐஸ்லி கணக்கில் எடுக்காமல், ஜென்கினின் வாதத்தை அசைக்க முடியாததாகவே முன்வைக்கிறார்.

ஐஸ்லி பக்கம் மிச்சமுள்ள வலுவான சான்று ஆறாம் பதிப்பின் இறுதி அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே இயற்கைத் தேர்வுக்கு முக்கியத் துணையாகப் பயன்பாட்டின் மரபுவிளைவு கூறப்படுகிறது. தானாகத் தோன்றும் மாறுபாடுகளின் பங்கை முன்பு குறைத்து மதித்துவிட்டதாகவும் டார்வின் சொல்கிறார். பின்வாங்கல் என்று எதையாவது அழைக்கலாமென்றால் இதைத்தான் அழைக்கலாம். ஆனால் இதை ஜென்கின் கணக்கில் எழுதுவதற்கு ஆதாரம் என்ன? 1871இல் இயற்கைத் தேர்வை விமர்சித்த மைவர்ட்டின் ‘இனங்களின் தோற்றுவாய்’ வந்தது. அதற்கு விடையளிக்கவே ஆறாம் பதிப்பில் ஒரு புது அத்தியாயம் சேர்ந்தது. அதே 1871இல் வெளியான ‘மனிதனின் வழித்தோன்றல்’ நூலில், தொடக்கப் பதிப்புகளில் இயற்கைத் தேர்வுக்கு ஒருவேளை அளவுக்கு மீறிய பங்கு கொடுத்துவிட்டேன் என்று டார்வின் ஒப்புக்கொள்ளும் இடம் உண்டு. தம்மை அப்படி எண்ணவைத்தவர்களாக அங்கு அவர் பெயர் சொல்வது தாவரவியலாளர் நேகலியையும் உடற்கூற்று அறிஞர் புரோக்காவையும். ஜென்கின் பெயர் அங்கே இல்லை. பெயர் இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். ஆனால் கடன்பட்டவர்களைக் குறிப்பிடுவதில் டார்வின் கஞ்சத்தனம் காட்டியவரல்லர், ஜென்கினுக்கான கடனை ஓநாய்ப் பத்தியில் அவர் ஏற்கெனவே தீர்த்தும்விட்டார்.

தேதிகளில் இரண்டு முடிச்சுகள் அவிழாமலே இருக்கின்றன. மதிப்புரை வந்த அதே 1867 ஜூனில் சார்ல்ஸ் கிங்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் அதைப் பகைத்தரப்பு மதிப்புரைகளில் வலுவான ஒன்று என்று ஒத்துக்கொண்டாலும், எழுதியவருக்குத் திறமை அதிகம், விஷய அறிவு குறைவு என்று ஒதுக்குகிறார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் அதுவே மிகப் பயனுள்ள கட்டுரை ஆகிறது, எழுதியவர் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இடையில் எப்போது மனம் மாறினார் என்பதை இந்தக் கடிதங்களைக் கொண்டு அறுதியிட முடியாது. மறுவாசிப்பு நிகழ்ந்தது திருத்தப்பணியின்போதுதான் என்று நான் ஊகிக்கிறேன். அப்பணி 1868 டிசம்பர் 26இல் தொடங்கி 1869 பிப்ரவரி 10இல் முடிந்தது. ஹூக்கர், வாலஸ் கடிதங்கள் மூன்றும் அந்த 46 நாட்களுக்குள் அடங்குகின்றன.

இரண்டாவது முடிச்சு என் வாதத்தையே இறுக்குவது. டார்வினை அப்படி எண்ணவைத்த நேகலியின் சொற்பொழிவு 1865ஐச் சேர்ந்தது. அதற்கான விடையும் இதே ஐந்தாம் பதிப்பில், இதே நான்காம் அத்தியாயத்தில்தான் முதலில் நுழைகிறது. ஜென்கினுக்கும் நேகலிக்கும் ஒரே மேசையில், ஒரே ஆறரை வாரத்தில் பதில் எழுதியிருக்கிறார் டார்வின். கில்லிமாட் பத்தியில் சூழலுக்கு அவர் கொடுத்த அந்த இடம் இவர்களில் யாருக்காக விடப்பட்டது என்பதை அச்சான பாடங்களை எவ்வளவு ஒப்பிட்டாலும் பிரித்தெடுக்க முடியவில்லை.